கண்புரையும் உலோக அயனிகளும்: விழிவில்லையின் காவல் புரதம் பற்றி நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

லென்ஸ் எனப்படும் விழிவில்லை, ஒளிபுகும் தன்மையை இழந்து மங்கிப்போவதே கண்புரை. 50 வயதைக் கடந்தோரிடம் 2015 முதல் 2019 வரை இந்தியாவில் நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில், பார்வையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்புரையே எனக் கண்டறியப்பட்டது. சிகிச்சையால் பெரும்பாலும் முழுமையாக மீட்கக்கூடிய பார்வை இழப்பு இது. ஆயினும் தாமதத்தினால் பலர் அந்த வாய்ப்பை இழக்கின்றனர்.

துத்தநாக மாத்திரை புரையைக் கரைக்கும், செம்புப் பாத்திரத் தண்ணீர் கண்ணைத் தெளிவாக்கும், கால்சியம் மாத்திரை புரையை உண்டாக்கும் என்பன போன்ற செய்திகள் மக்களிடையே பரவிவருகின்றன. இவற்றில் சில, உண்மையான ஆய்வு முடிவுகளின் அரைகுறை வடிவங்கள். அந்த ஆய்வுகள் கூறுவது என்ன, அவற்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதை இப்பக்கம் விளக்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் அமைந்துள்ள அஞ்சுகிராமம் பேரூராட்சியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்வோருக்குப் பயன்படும் குறிப்புகளும் இடம்பெற்றுள்ளன.

சுருக்கமாக

• விழிவில்லையின் தெளிவைக் காப்பதில் ஆல்பா கிரிஸ்டலின் என்னும் காவல் புரதத்திற்கு முக்கியப் பங்கு உண்டு.
• துத்தநாக அயனி அப்புரதத்திற்கு வலுவூட்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மிகையான கால்சியம் அயனி அதைத் தளர்த்துகிறது. தாமிரம், காட்மியம், இரும்பு ஆகியவை மிகும்போது விழிவில்லைக்குத் தீங்கு நேர்கிறது.
• எந்த மாத்திரையும் சொட்டு மருந்தும் வந்துவிட்ட கண்புரையை நீக்குவதாக இதுவரை நிறுவப்படவில்லை. அறுவை சிகிச்சையே வழி.
• புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முற்றவிடுவது ஆபத்து.

விழிவில்லை எதனால் ஆனது?

கண்ணின் நடுவில் தெரியும் கரிய துளையைக் கண்பாவை என்கிறோம். அதற்குப் பின்னால் அமைந்துள்ளது விழிவில்லை. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். உடலின் வேறு உறுப்புகளில் இவ்வளவு அடர்த்தியான புரதத்தைக் காண்பது அரிது. ஒளியை வளைத்து விழித்திரையில் குவிப்பதற்கு இந்த அடர்த்தி தேவைப்படுகிறது. கிரிஸ்டலின்கள் என்னும் இப்புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் சீராக அடுக்கப்பட்டிருக்கும்வரை ஒளி தடையின்றி ஊடுருவும்.

பச்சை முட்டையின் வெண்கரு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. வெந்தபின் அதுவே வெண்மையாகிவிடுகிறது. வெப்பத்தால் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று திரண்டுகொள்வதே காரணம். விழிவில்லையிலும் இதற்கு ஒப்பான திரட்சி நிகழ்கிறது. ஆனால் அது பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நிகழ்கிறது. திரண்ட புரதங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. பார்வை மங்குகிறது.

விழிவில்லையின் மற்றொரு தன்மையும் நினைவில் கொள்ளத்தக்கது. தோலும் இரத்தமும் தம் செல்களைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்கின்றன. விழிவில்லையின் உட்பகுதிச் செல்கள் உட்கருவை இழந்துவிடுவதால் அவற்றால் புதிய புரதத்தை உருவாக்க இயலாது. நீங்கள் பிறப்பதற்கு முன்பே உருவான புரதங்கள் இன்றும் உங்கள் விழிவில்லையின் மையத்தில் உள்ளன. பழுதடைந்த புரதத்தை மாற்ற வழியில்லாத இடத்தில், பழுதைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று தேவை. காவல் புரதம் அதைச் செய்கிறது.

காவல் புரதம் என்பது யாது?

ஒவ்வொரு புரதமும் தனக்கே உரிய வடிவில் மடிந்திருந்தால்தான் தன் பணியைச் செய்யும். வெப்பம், புற ஊதாக் கதிர், மிகையான சர்க்கரை போன்றவை அந்த மடிப்பைக் குலைக்கின்றன. மடிப்புக் குலைந்த புரதங்களைப் பற்றிக்கொண்டு, அவை ஒன்றோடொன்று திரளாமல் தடுக்கும் சிறப்புப் புரதங்கள் உடலெங்கும் உள்ளன. அறிவியலில் இவை சாப்பரோன் எனப்படுகின்றன. இப்பக்கத்தில் இவற்றைக் காவல் புரதம் என்று குறிப்பிடுகிறோம்.

விழிவில்லையின் முதன்மையான காவல் புரதம் ஆல்பா கிரிஸ்டலின். ஆல்பா-ஏ, ஆல்பா-பி என்னும் இருவகை அலகுகள் பல சேர்ந்து இது உருவாகிறது. நெடுங்காலம் இது விழிவில்லையின் கட்டுமானப் பொருள் என்று மட்டுமே கருதப்பட்டது. பிற புரதங்கள் திரளாமல் இது தடுக்கிறது என்பதை 1992-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் ஹார்விட்ஸ் காட்டினார். ஆல்பா-ஏ அலகுக்கான மரபணுவில் ஏற்படும் பிழை, பரம்பரையாக வரும் பிறவிக் கண்புரைக்குக் காரணமாகலாம் என்பது 1998-இல் தெரியவந்தது. ஆகவே, இக்காவல் புரதம் பழுதுபட்டால் விழிவில்லை மங்கும் என்பதற்கு மனிதரிடமே சான்று கிடைத்தது.

இந்தக் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. குலைந்த புரதத்தைப் பற்றிக்கொண்ட காவல் புரதம் பெரும்பாலும் அதனுடனேயே தங்கிவிடுகிறது. வயது கூடக்கூடப் பழுதும் கூடுகிறது. காவலுக்கு எஞ்சியிருக்கும் புரதமோ குறைகிறது. விழிவில்லையின் மையத்தில் கரைந்த நிலையிலுள்ள ஆல்பா கிரிஸ்டலின் நடுவயதிலேயே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முதுமையில் கண்புரை மிகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உலோக அயனிகள் காவல் புரதத்தை எவ்வாறு பாதிக்கின்றன?

உணவு, நீர், காற்று, புகை ஆகியவற்றின் வழியாக உலோகங்கள் உடலுக்குள் செல்கின்றன. உடலுக்குள் அவை மின்னூட்டம் பெற்ற அணுக்களாக, அதாவது அயனிகளாக, இயங்குகின்றன. சில அயனிகள் புரதத்தின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு அதன் வடிவத்தையும் செயல்திறனையும் மாற்றுகின்றன. எல்லா உலோகமும் ஒரே விளைவைத் தருவதில்லை.

துத்தநாகம்

கொல்கத்தாவிலுள்ள போஸ் இன்ஸ்டிடியூட்டின் ஆய்வாளர்கள் ஆசிஸ் பிஸ்வாஸ், கே. பி. தாஸ் ஆகியோர் 2008-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். துத்தநாக அயனி சேர்க்கப்பட்டபோது ஆல்பா கிரிஸ்டலினின் காக்கும் திறனும் நிலைத்தன்மையும் உயர்ந்ததை அது காட்டியது. புரதத்திலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலங்களில் துத்தநாகம் ஒட்டிக்கொள்வதும் பின்னர் கண்டறியப்பட்டது. கட்டுமரத்தின் மரங்களைக் கயிறு பிணைத்து வைப்பதுபோல, துத்தநாகம் அலகுகளுக்கிடையே பிணைப்பாக நின்று அவற்றை வலுப்படுத்துகிறது எனக் கருதப்படுகிறது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. மெக்சிகோ, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விழிவில்லையிலுள்ள மற்றொரு புரதமான காமா-டி கிரிஸ்டலினைத் தாமிர அயனியும் துத்தநாக அயனியும் திரளச் செய்கின்றன. ஓரிடத்தில் காவலுக்குத் துணைநிற்கும் அதே உலோகம், மிகும்போது மற்றோரிடத்தில் திரட்சியைத் தூண்டக்கூடும்.

கால்சியம்

நலமான விழிவில்லைச் செல்கள் தமக்குள் கால்சியத்தின் அளவை மிகக் குறைவாகவே வைத்திருக்கின்றன. செல்சவ்வு பழுதடையும்போது கால்சியம் உள்ளே புகுகிறது. கால்சியம் மிகும்போது ஆல்பா கிரிஸ்டலினின் வெப்பநிலைத்தன்மையும் காக்கும் திறனும் குறைவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. புரை கண்ட விழிவில்லைகளில் கால்சியம் மிகுந்திருப்பதும் நெடுநாளாக அறியப்பட்ட செய்தி.

இதனால் பால், கேழ்வரகு, சிறுமீன் போன்ற உணவுகளையோ மருத்துவர் தந்த கால்சியம் மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள். செல்லுக்குள் கால்சியம் கசிவது வேறு. உணவில் கால்சியம் உண்பது வேறு. இரத்தத்தில் கால்சியம் நீண்டகாலம் குறைவாக இருந்தாலும் கண்புரை வரும். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் பாராதைராய்டு சுரப்பி குன்றியவர்களிடம் இது காணப்படுகிறது. அத்தகையோர் கால்சியம் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வதோடு கண்களையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

தாமிரம்

தாமிரம் உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவை. கட்டற்ற தாமிர அயனியோ தீங்கான வேதிவினைகளைத் தூண்டிப் புரதங்களைச் சிதைக்கும். ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் சி. மோகன் ராவ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ஆல்பா கிரிஸ்டலின்கள் தாமிர அயனியைத் தேர்ந்து பற்றிக்கொண்டு அத்தகைய வினைகளை அடக்குவதைக் காட்டியது. காவல் புரதம், உலோகத்தின் தீங்கிலிருந்தும் செல்லைக் காக்கிறது என்பது இதன் பொருள். அளவுக்கு மீறிய தாமிரம் சேரும்போது இந்தக் காப்பு போதாமல் போகும்.

வில்சன் நோய் என்னும் பரம்பரை நோயில் கல்லீரலால் தாமிரத்தை வெளியேற்ற இயலாது. தாமிரம் கல்லீரல், மூளை, கண் ஆகியவற்றில் படிகிறது. கருவிழியின் விளிம்பில் பழுப்புநிற வளையமும், சிலரிடம் சூரியகாந்திப் பூ வடிவில் விழிவில்லைப் படிவும் தோன்றும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைக்கே இந்நோய் வரும் என்பதால், நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடந்த குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். இளம் வயதில் காரணம் தெரியாத மஞ்சள் காமாலை, கைநடுக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் மருத்துவரை அணுகவும். ஒரு குழந்தைக்கு வில்சன் நோய் உறுதியானால் உடன்பிறந்தோர் அனைவரும் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம்.

காட்மியம், ஈயம்

இவ்விரண்டும் உடலுக்கு எவ்விதத்திலும் தேவையற்றவை. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சிக்கொள்வதால், பீடி, சிகரெட் புகையின் வழியாக அது உடலில் சேர்கிறது. சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பீடி புகைக்கும் கண்புரை நோயாளிகளின் இரத்தத்திலும் விழிவில்லையிலும் காட்மியம் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. எலும்பில் ஈயம் மிகுதியாகப் படிந்திருந்த ஆண்களிடம் கண்புரை கூடுதலாகக் காணப்பட்டதை 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது.

இரும்பு

கல் உடைக்கும்போதும், உளியைச் சம்மட்டியால் அடிக்கும்போதும், கிரைண்டிங் பணியின்போதும் தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணைத் துளைத்து உள்ளே தங்கக்கூடும். முதலில் சிறு உறுத்தலைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம். துணுக்கு துருப்பிடித்து வெளிவிடும் இரும்பு அயனி, விழிவில்லையையும் விழித்திரையையும் மெல்லச் சிதைக்கிறது. விழிவில்லையை அறுவை சிகிச்சையால் மாற்றலாம். சிதைந்த விழித்திரையை மாற்ற இயலாது.

துத்தநாக மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

கண்புரைக்காக நீங்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணங்கள் பின்வருமாறு.

1. துத்தநாகத்தின் நற்பயன் சோதனைக்குழாயிலுள்ள புரதத்தில் கண்டறியப்பட்டது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குத் துத்தநாகம் கொடுத்தபோது கண்புரைப் பாதிப்பு குறைந்தது. மனிதரிடம் கண்புரையைத் தடுப்பதாக இது இன்னும் நிறுவப்படவில்லை.

2. மாத்திரையாக உட்கொள்ளும் துத்தநாகம் நேரே விழிவில்லையைச் சென்றடைவதில்லை. விழிவில்லைக்கு இரத்தக் குழாய்கள் இல்லை.

3. பெரியவர்களுக்கான துத்தநாகத்தின் உச்ச வரம்பு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். நீண்டகாலம் அதை மீறினால் உடலில் தாமிரக் குறைவு ஏற்படும். இரத்தசோகையும், கைகால்களில் மரத்துப்போதல் போன்ற நரம்புக் கோளாறுகளும் தோன்றலாம்.

4. திரண்டுவிட்ட புரதத்தைத் துத்தநாகம் பிரித்துவிடும் என்பதற்குச் சான்றில்லை. வெந்த வெண்கரு மீண்டும் தெளிவாவதில்லை.

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் 4,700-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், உயர் அளவு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவை கண்புரை உருவாவதையோ வளர்வதையோ குறைக்கவில்லை. அதே ஆய்வில், இவற்றோடு 80 மில்லிகிராம் துத்தநாகமும் சிறிது தாமிரமும் சேர்ந்த மருந்து, விழித்திரை மையச் சிதைவு என்னும் வேறொரு நோய் முற்றுவதைக் குறைத்தது. ஆகவே அந்நோய்க்காகக் கண் மருத்துவர் உங்களுக்குத் துத்தநாகம் எழுதித் தந்திருந்தால், அவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

உணவின் வழியாகக் கிடைக்கும் துத்தநாகம் பாதுகாப்பானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு ஆண்களுக்கு 17 மில்லிகிராமும் பெண்களுக்கு 13.2 மில்லிகிராமும் தேவை. சிப்பி, நண்டு, மீன், முட்டை, பயறு வகைகள், எள், நிலக்கடலை, முந்திரி ஆகியவற்றில் துத்தநாகம் உள்ளது. பயறுகளை ஊறவைத்தும் முளைகட்டியும் உண்டால் உடல் அதை எளிதில் ஏற்கும்.

செம்பு, பித்தளைப் பாத்திரங்கள்

செம்புக் குடத்தில் வைத்த வெறும் தண்ணீரை நலமுள்ளோர் அருந்துவதால் கண்புரை வரும் என்பதற்கோ, கண்புரை நீங்கும் என்பதற்கோ சான்றில்லை. எனினும் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கவும்.

• வில்சன் நோயாளிகள் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரையும் உணவையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும்.
• மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்குழம்பு போன்ற புளிப்புள்ளவற்றைப் பூச்சில்லாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைக்க வேண்டாம். புளிப்பு தாமிரத்தைக் கரைத்தெடுக்கும்.
• கைக்குழந்தைகளுக்கான பாலை இப்பாத்திரங்களில் காய்ச்சவோ வைக்கவோ கூடாது.
• செம்புப் பாத்திரத் தண்ணீரால் கண்ணைக் கழுவுவது, கண்ணில் சொட்டாக விடுவது ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

அஞ்சுகிராமம் வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

வயல், வாழைத்தோட்டம், கடல், உப்பளம், கல் குவாரி எனத் திறந்தவெளியில் உழைப்போர் மிகுந்த மாவட்டம் கன்னியாகுமரி. அவர்களின் கண்களைப் பாதிக்கும் காரணங்களும் தொழிலைச் சார்ந்தே அமைகின்றன.

கடலிலும் உப்பளத்திலும் பணிபுரிவோர்: மேலிருந்து விழும் வெயிலோடு, நீர்ப்பரப்பும் உப்புப் பாத்தியும் எதிரொளிக்கும் வெயிலும் கண்ணில் படுகிறது. புற ஊதாக் கதிர் கிரிஸ்டலின் புரதங்களைச் சிதைத்துக் காவல் புரதத்தின் சுமையைக் கூட்டுகிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அணியவும். வலைக்கான ஈயக் குண்டுகளைக் கையாண்டபின் சோப்பினால் கைகழுவாமல் உணவு உண்ண வேண்டாம். ஈயத்தை வீட்டில் உருக்க வேண்டாம்.

கல் குவாரி, வெல்டிங், லேத் பணியாளர்கள்: பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியின்றிப் பணிசெய்யக் கூடாது. துணுக்கு கண்ணில் பட்டால் தேய்க்காமல், அழுத்தாமல், தாங்களே எடுக்க முயலாமல், அன்றே கண் மருத்துவரிடம் செல்லவும். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், கண்ணில் உலோகம் பட்டதை மறவாமல் தெரிவிக்கவும்.

பீடி, சிகரெட் புகைப்போர்: கண்புரைக்கான காரணங்களில் நீங்களே விலக்கக்கூடியது இது.

நீரிழிவு உள்ளோர்: மிகையான சர்க்கரை ஆல்பா கிரிஸ்டலினில் ஒட்டிக்கொண்டு அதன் காக்கும் திறனைக் குறைக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்புரை மற்றவர்களைவிட முன்கூட்டியே வரக்கூடும். 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நீரிழிவுக்கான மருந்துகள் வீட்டிற்கே வந்து வழங்கப்படுகின்றன. ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனையும் அவசியம்.

ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர்: மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தால் கண்புரை வரலாம். மருந்தைத் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்கவும். மருந்துச் சீட்டின்றி ஸ்டீராய்டு கண்சொட்டு வாங்கிப் பயன்படுத்தக் கூடாது.

அறிகுறிகள்

• புகை மூட்டத்தினூடே பார்ப்பதுபோன்ற மங்கல்
• எதிரே வரும் வாகன விளக்கொளியில் கண் கூசுதல்
• நிறங்கள் மங்கி மஞ்சளாகத் தெரிதல்
• கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுதல்
• ஒரு கண்ணால் பார்க்கும்போதே உருவம் இரண்டாகத் தெரிதல்

வலி பொதுவாக இராது. வெள்ளெழுத்துக் கண்ணாடியுடன் படித்துவந்த முதியவர், திடீரென அருகிலுள்ளதைக் கண்ணாடியின்றிப் படிக்கத் தொடங்கினால் பார்வை திரும்பிவிட்டதென மகிழ்வதுண்டு. விழிவில்லையின் மையம் கடினமாவதால் கிட்டப்பார்வை கூடுவதே அதற்குக் காரணம். இதுவும் கண்புரையின் அறிகுறியே.

சிகிச்சை

மங்கிய விழிவில்லையை அகற்றி, அவ்விடத்தில் செயற்கை உள்விழி லென்ஸ் பொருத்தப்படுகிறது. பாக்கோ முறை, சிறுகீறல் முறை ஆகிய இரண்டும் பரவலாகச் செய்யப்படுகின்றன. பெரும்பாலோருக்குக் கண்ணை மட்டும் மரக்கச்செய்து, அரைமணி நேரத்திற்குள் அறுவை முடிந்துவிடும். பொருத்தப்படும் லென்ஸில் புரதம் இல்லை என்பதால் அதில் புரை மீண்டும் வராது. சிலருக்கு லென்ஸைத் தாங்கும் உறை பின்னாளில் மங்கலாம். அதை லேசர் கொண்டு சில நிமிடங்களில் சரிசெய்யலாம்.

தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் 1976-இல் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை சிகிச்சையும் உள்விழி லென்ஸும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. மதுரையில் 1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் உள்விழி லென்ஸ்களைத் தயாரிக்கத் தொடங்கியபின், எளியோருக்கும் லென்ஸ் பொருத்துவது நாடெங்கும் வழக்கமாயிற்று. அஞ்சுகிராமம் வட்டார மக்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். மேல்சிகிச்சைக்கு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

முற்றவிடுவது ஏன் ஆபத்து?

புரை முற்றினால்தான் அறுவை செய்ய முடியும் என்பது பழைய முறைக்குரிய கருத்து. இன்றைய முறைகளுக்கு அது பொருந்தாது. அன்றாட வேலைகளுக்குப் பார்வை தடையாகும்போதே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம்.

மிக முற்றிய விழிவில்லையிலிருந்து புரதம் உறையைக் கடந்து கசிந்து, கண்ணினுள் சுரக்கும் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிடும். விழிவில்லை உப்பிப்பெருத்தும் அவ்வழியை மூடலாம். இரண்டிலும் கண்ணழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சிதையும். நரம்பு சிதைந்தபின் அறுவை செய்தாலும் இழந்த பார்வை திரும்பாது. மாத்திரையை நம்பிக் கழியும் மாதங்களின் உண்மையான விலை இதுவே.

பராமரிப்போர் கவனத்திற்கு

• முதியவர் கால் இடறுவது, பாத்திரத்தில் கைவைத்துத் தேடுவது, திருமணம், கோயில், தேவாலயம் என வெளியே செல்ல மறுப்பது ஆகியவற்றை முதுமையின் இயல்பென விட்டுவிடாதீர்கள். கண்ணைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.
• அறுவைக்கு முன், உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் காட்டுங்கள். புரோஸ்டேட் வீக்கத்திற்கான மாத்திரை, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். சத்து மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மறைக்க வேண்டாம்.
• அறுவைக்குப் பின், சொட்டு மருந்தை மருத்துவர் கூறிய நாள்வரை தவறாமல் இடுங்கள். ஒவ்வொரு முறையும் கைகழுவியபின் இடுங்கள்.
• மருத்துவர் அனுமதிக்கும்வரை தலைக்குக் குளித்தல், கண்ணைத் தேய்த்தல், கனமான பொருளைத் தூக்குதல், கடலுக்குச் செல்லுதல் ஆகியவை வேண்டாம்.
• மூலிகைச் சாறு, தேன், தாய்ப்பால் போன்றவற்றைக் கண்ணில் விடக் கூடாது.
• குழந்தையின் கண்பாவை வெண்மையாகத் தெரிந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். பிறவிக் கண்புரையை உரிய காலத்தில் நீக்காவிட்டால், மூளை அக்கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ளாது. வெண்பாவை, கண்புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• கண்சிவப்பு, கடும் வலி, தலைவலி, வாந்தி ஆகியவற்றுடன் பார்வை மங்குதல்
• அறுவைக்குப் பின் வலி, சிவப்பு, சீழ், அல்லது கிடைத்த பார்வை மீண்டும் குறைதல்
• கண்ணில் உலோகத் துணுக்கு, கல் துணுக்கு, பட்டாசுத் துகள் படுதல்
• கண்முன் திடீரென மின்னல் போன்ற ஒளி, கரும்புள்ளிகள், திரைபோன்ற மறைப்பு தோன்றுதல்

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்னும் எண்ணையும் அழைக்கவும்.

50 வயதைக் கடந்த அனைவரும் ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை செய்துகொள்ளவும். இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. உங்கள் கண்ணின் நிலைக்கேற்ற சிகிச்சையைக் கண் மருத்துவரே முடிவு செய்வார்.